குளத்தில் தூரம் கூடவில்லையா? கோளாறு வாரியாகப் பார்த்துச் சரிசெய்யும் முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் வளர்ந்த பலருக்கு நீச்சல் சின்ன வயதிலேயே வந்துவிடும். வல்லம் எனும் நாட்டுப்படகிலிருந்து குதித்துக் கரை சேர்வார்கள், கண்மாயில் இறங்கி அக்கரை தொடுவார்கள். அவர்களே நீச்சல் குளத்தில் இறங்கினால் நாலாவது தடவை சுவரைத் தொடும்போது மூச்சு வாங்க நின்றுவிடுகிறார்கள். "நமக்கு ஸ்டாமினா இல்லை" என்று முடிவு கட்டி, சிலர் காலையில் ஓடப் போகிறார்கள், சிலர் குளத்துக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மூச்சை விடும் விதம், தலை இருக்கும் நிலை, தொடக்க வேகம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அதைச் சரிசெய்யாமல் தெம்பை மட்டும் கூட்டினால் அந்தத் தெம்பும் வீணாகத்தான் செலவாகும்.

ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை போவதை இங்கே ஒரு நீளம் என்று சொல்கிறோம். 25 மீட்டர் குளத்தில் 40 நீளம் ஒரு கிலோமீட்டர், 50 மீட்டர் குளத்தில் 20 நீளம். உங்கள் குளம் எத்தனை மீட்டர் என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் விடுதிகளில் உள்ள சின்னக் குளங்களில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே நீந்துவதைவிடத் திரும்புவதுதான் அதிகம்.

முதலில் ஒரு சோதனை

ஐந்து நிமிடம் மெதுவாக நீந்தி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 200 மீட்டரை நிற்காமல் போக முயலுங்கள். கரையில் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று ஒவ்வொரு 50 மீட்டருக்கும் நேரம் குறிக்கட்டும். முதல் நீளத்தில் எத்தனை கைவீச்சு, கடைசி நீளத்தில் எத்தனை என்றும் எண்ணட்டும். நடுவில் நின்றால், உங்களை நிறுத்தியது மூச்சா, கையா, காலா, சலிப்பா என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனபின் யோசித்தால் எல்லாமே "ஒரே அசதி" என்றுதான் நினைவிருக்கும்.

நேரம் சீராக இருந்தும் மூச்சு முட்டினால் முதல் பகுதியைப் பாருங்கள். 20 கைவீச்சு 27, 28 என்று ஏறியிருந்தால் இரண்டாம் பகுதி. முதல் 50 மீட்டர் 55 வினாடி, கடைசி 50 மீட்டர் 1 நிமிடம் 20 வினாடி என்று வந்தால் மூன்றாம் பகுதி.

"ஐம்பது மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது"

அதிகம் பேர் சொல்லும் குறை இது. காற்று போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் தவிப்பைக் கொண்டுவருவது உள்ளே தேங்கிய கரியமில வாயு. அதை வெளியே விடாமல் புதுக் காற்றை இழுத்தால், ஏற்கெனவே நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

இந்தக் கரையில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. சங்கு குளிப்பவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. முகம் தண்ணீருக்குள் போனதும் தம் கட்டுவது பழக்கமாக ஊறிவிடுகிறது. முங்குவதற்கு அந்தப் பழக்கம்தான் வேண்டும். ஃப்ரீஸ்டைல் நீச்சலுக்கோ அதுவே எதிரி. முகம் வெளியே வரும் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றையும் இழுக்க முடியாது. அதனால் பாதி விட்டு, பாதி இழுத்து, ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறுகிறது. மூக்கையும் சேர்த்து மூடும் முங்கு கண்ணாடி போட்டுப் பழகியவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். மூக்கால் காற்றை விடும் வழக்கமே அவர்களுக்கு இருக்காது. குளத்துக்குக் கண்ணை மட்டும் மூடும் கண்ணாடிதான் வேண்டும்.

சரிசெய்யும் வரிசை இது. மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்து நின்று முகத்தை முக்குங்கள். "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மூக்கு வழியாகக் குமிழி விடுங்கள், மூன்று நான்கு வினாடிக்கு. பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி வாயால் காற்றை இழுங்கள். இப்படி 20 தடவை. முனகுவதை விளையாட்டாக நினைக்க வேண்டாம். முனகிக்கொண்டே தம் கட்ட யாராலும் முடியாது என்பதால்தான் அதைச் சொல்கிறோம்.

அடுத்து 25 மீட்டரை எட்டுத் தடவை மெதுவாகப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 வினாடி ஓய்வு. வேகத்தைப் பற்றிய கவலையே வேண்டாம். குமிழி இடையில் நின்றால் அந்த நீளம் கணக்கில் சேராது. அது கைவந்ததும் 50 மீட்டரை ஆறு தடவை, முதல் வாரம் 30 வினாடி ஓய்வு, அடுத்த வாரம் 20. இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்று எடுங்கள். மூன்றுக்கு ஒன்று எடுத்தால் இரு பக்கமும் சமமாகும் என்று கோச்சுகள் சொல்வது உண்மைதான். ஆனால் மூச்சு முட்டுபவருக்கு முதலில் காற்று வேண்டும், சமநிலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தம் கூட்டினால் தூரம் கூடும் என்று எண்ணித் தண்ணீருக்கடியில் நீளம் போகிற போட்டியை விடலைகள் எல்லாக் குளத்திலும் நடத்துகிறார்கள். அதற்கு முன் பத்து இருபது தடவை வேகவேகமாக மூச்சிழுத்துத் தயாராவார்கள். அப்படிச் செய்யும்போது கரியமில வாயு குறைந்துவிடுவதால், மூச்சு வேண்டும் என்ற தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். சத்தமோ துடிப்போ இருக்காது. கரையில் நிற்பவருக்கு அவன் இன்னும் தம் பிடித்திருப்பதாகத்தான் தெரியும். நல்ல நீச்சல்காரர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். உங்கள் குளத்தில் யாராவது இதைச் செய்தால் தயங்காமல் நிறுத்துங்கள்.

"கால் தாழ்ந்து போகிறது, இழுத்துக்கொண்டு போவது போல் இருக்கிறது"

கடலில் மிதந்த உடம்பு குளத்தில் ஏன் தாழ்கிறது? ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம் எடை, உப்பில்லாத குளத்து நீர் சுமார் 1,000 கிராம். அந்த இரண்டரை விழுக்காடுதான் கடலில் உங்கள் இடுப்பையும் காலையும் தாங்கிக்கொண்டிருந்தது. குளத்தில் அந்தத் தாங்கலை நீங்களே உடம்பை நேராக்கி உண்டாக்க வேண்டும்.

இன்னொரு காரணம் கழுத்து. கடலில் அலை பார்க்க வேண்டும், வல்லம் பார்க்க வேண்டும். அதனால் தலையைத் தூக்கி நீந்துவதே இங்கே வழக்கம். தலை உயர்ந்தால் தராசுத் தட்டு போலக் கால் இறங்கும். இறங்கிய காலை மேலே கொண்டுவர முழங்காலை மடக்கி ஓங்கி உதைப்பீர்கள். தொடைச் சதைகள் பெரியவை, காற்றை வாரித் தின்பவை. அதனால் மூச்சுக் கோளாறு என்று நினைத்து வருபவர்களில் பலருக்கு உண்மையில் கழுத்துக் கோளாறுதான்.

கண்டுபிடிப்பது எளிது. தொடைகளுக்கு நடுவே புல் பாய் (pull buoy, காலைத் தாங்கும் சின்ன மிதவை) வைத்து 100 மீட்டர் போங்கள். சட்டென்று சுகமாகிவிட்டால் கோளாறு உங்கள் கால் தாழ்வதில்தான். பிறகு அதை எடுத்து வைத்துவிட்டுப் பழகுங்கள். சுவரை உதைத்து, இரு கைகளையும் காதோடு ஒட்டி நீட்டி, முகம் அடித்தரையைப் பார்க்க, அசையாமல் ஐந்து மீட்டர் மிதந்து போங்கள், பத்துத் தடவை. பார்வை முன்சுவரில் இருக்கக் கூடாது, நேர் கீழே உள்ள கறுப்புக் கோட்டில் இருக்க வேண்டும். நெஞ்சைக் கொஞ்சம் கீழே அழுத்தினால் இடுப்பு தானாக மேலே வரும். உதைப்பு இடுப்பிலிருந்து வரட்டும், சின்னதாக, நீர்மட்டத்தைக் கலக்காமல். நீண்ட தூரத்துக்கு ஒரு கைவீச்சுக்கு ஒரு உதை போதும்.

புல் பாய் இல்லாமல் நீந்தவே முடியாது என்கிற நிலைக்குப் போய்விடாதீர்கள். மொத்தத் தூரத்தில் கால் பங்குக்கு மேல் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

"முதல் நூறு பறக்கிறது, பிறகு கை கல்லாகிவிடுகிறது"

தொடக்க வேகம் கூடிவிட்டது. முதல் 50 மீட்டரில் உடம்புக்கு எதுவும் தெரியாது, கணக்கு பிறகுதான் வரும். பக்கத்துத் தடத்தில் போகிறவரோடு போட்டி போட்டாலும் இதேதான் நடக்கும்.

உங்கள் வேகத்தை எண்ணாகவே கண்டுபிடிக்கலாம். ஒரு நாள் 400 மீட்டரை முடிந்த மட்டும் சீராக, முழு முயற்சியில் போய் நேரம் எடுங்கள். பத்து நிமிடம் ஓய்வும் மெது நீச்சலுமாகக் கழித்துவிட்டு, 200 மீட்டரையும் அதே போல். 400-இன் நேரத்திலிருந்து 200-இன் நேரத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். 400-க்கு 10 நிமிடம், 200-க்கு 4 நிமிடம் 40 வினாடி என்றால் மீதி 320 வினாடி, அதில் பாதி 160. அதாவது நூறு மீட்டருக்கு 2 நிமிடம் 40 வினாடி. ஏறக்குறைய இந்த வேகத்தை உங்கள் உடம்பு நெடுநேரம் தாங்கும். நீண்ட நீச்சல் நாளில் இதைவிட 5 முதல் 10 வினாடி மெதுவாகத் தொடங்குங்கள். முதல் நூறு "இது ரொம்ப மெதுவாயிற்றே" என்று கூச்சம் தர வேண்டும். தந்தால் சரியாகத் தொடங்கியிருக்கிறீர்கள். 400 முடியாதவர்கள் இந்தச் சோதனையை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் எப்படியோ, அப்படி இருந்தால் போதும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்து பழைய எண்ணை மாற்றுங்கள்.

"ஒரு மாதமாக அதே 400-லேயே நிற்கிறேன்"

தினமும் வந்து, முடிகிற வரை நீந்தி, முடியாதபோது ஏறிவிடுபவர்களுக்கு இது வரும். ஒரே தூரம், ஒரே வேகம் என்று கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகி நின்றுவிடும். தூரத்தை உடைத்து, நடுவில் சிறு ஓய்வு வைத்தால் மொத்தம் அதிகம் நீந்தலாம், கடைசி வரை கைவீச்சும் கெடாது. 400-ஐ ஒரே மூச்சில் அடித்துப்பிடித்து முடிப்பதைவிட 50 மீட்டரை 12 தடவை ஒழுங்காகப் போவது மேல்.

200 மீட்டர் நிற்காமல் போக முடிகிறவருக்கு வாரம் மூன்று நாள் போதும். மூன்று நாளும் தொடக்கத்தில் 200 மீட்டர், முடிவில் 100 மீட்டர் மெது நீச்சல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: 50 மீட்டர் 8 தடவை, நடுவில் 20 வினாடி ஓய்வு. எட்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும், 3 வினாடிக்கு மேல் வித்தியாசம் கூடாது.

இரண்டாம் நாள்: முனகல் பயிற்சி, மிதப்புப் பயிற்சி 15 நிமிடம். பிறகு 100 மீட்டர் 4 தடவை, 30 வினாடி ஓய்வு.

மூன்றாம் நாள்: 200, 150, 100, 50 என்று இறங்கு வரிசை, நடுவில் 45 வினாடி. தூரம் குறையக் குறைய மனசு இறங்கி வரும், அதுதான் இதன் அழகு.

அடுத்த வாரம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஓய்வில் 5 வினாடி குறையுங்கள், இல்லை ஒரு தடவை கூட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் தோள் முதலில் முறையிடும். வார மொத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற வேண்டாம். நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைத்து உடம்பை ஆறவிடுங்கள். இப்படியே ஏறி, 100 மீட்டரை 8 தடவை, 15 வினாடி ஓய்வோடு, வேகம் குறையாமல் முடித்துவிட்டால் 800 மீட்டரை நிற்காமல் முயல நேரம் வந்துவிட்டது. அன்று சோதனையாக இல்லாமல் சாதாரண நாளாகவே தொடங்குங்கள்.

"கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது"

கால்விரலை முறுக்கி நீட்டியபடி உதைப்பதும், களைத்த காலால் சுவரை ஓங்கி உதைப்பதும்தான் அதிகம் இதைக் கொண்டுவரும். உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம். பிடித்தவுடன் சுவருக்கோ தடக்கயிற்றுக்கோ வந்து, முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து 20, 30 வினாடி வையுங்கள். அடித்துத் தேய்க்க வேண்டாம். அடுத்த நாலு நீளத்துக்குச் சுவரை மெதுவாக உதையுங்கள். கணுக்கால் தளர்ந்து, துணி போல ஆட வேண்டும்.

"தோள் வலி"

கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறதா, கட்டைவிரல் முதலில் தண்ணீருக்குள் இறங்குகிறதா என்று யாரையாவது செல்போனில் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் தோள் மூட்டை உள்பக்கம் முறுக்கும். கை தோளுக்கு நேராக, விரல்நுனி முதலில் இறங்கட்டும். கைத்துடுப்பு போட்டு நீந்துபவர்கள் அதை உடனே நிறுத்துங்கள். சதை வலி இரண்டு நாளில் போகும். மூட்டுக்குள் குத்துவது போல் வலித்தால், கையைத் தூக்கித் தலை சீவும்போதும் வலித்தால், நீச்சலை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

"சித்திரை வைகாசியில் பாதித் தூரம்கூட வரவில்லை"

போட்டிக் குளங்களின் தண்ணீரை 25 முதல் 28 டிகிரிக்குள் வைப்பது விதி. நம் பக்கத்துத் திறந்த குளங்கள் கோடையில் மத்தியானம் வெயில் குடித்து அதற்கு மேலே போய்விடும். தரையில் ஓடினால் வியர்வை ஆவியாகி உடம்பு குளிரும், வெதுவெதுப்பான தண்ணீருக்குள் அது நடக்காது. வியர்ப்பதும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கோடையில் வேகம் குறைவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை ஆறு மணிக்கே இறங்குங்கள், நூறு மீட்டருக்கு 5 வினாடி கூட்டிக்கொள்ளுங்கள்.

சுவரோரம் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு. எவ்வளவு குறைகிறது என்று அறிய நீந்தும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் போயிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீந்தும் நாளில் நீர்மோர் உப்புப் போட்டுக் குடிக்கலாம். பதநீர், நுங்கு நீந்தி முடித்தபின் நல்லது, முன்னால் குடித்தால் வயிறு குலுங்கும். இட்லி என்றால் இரண்டு மணி நேரம் முன்பு, வாழைப்பழம் என்றால் அரை மணி நேரம் முன்பு.

நோன்பு மாதத்தில் தூரம் கூட்டும் எண்ணமே வேண்டாம். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் 20 நிமிடம் மிதப்புப் பயிற்சியும் மெது நீச்சலும் போதும். இல்லையென்றால் நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து. ஒரு மாதம் இப்படித் தாங்கிப் பிடித்தால் பெருநாள் கழிந்து சீக்கிரமே பழைய தூரத்துக்குத் திரும்பலாம்.

நீந்தும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு வந்தால் இந்தக் குறிப்புகளைத் தேட வேண்டாம். கரையேறி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் குளுக்கோஸ் பொட்டலத்தைத் துண்டோடு வைத்திருப்பது அவசியம்.

"போகவே மனம் வரவில்லை"

இதையும் மற்றவை போல ஒரு கோளாறாகவே பாருங்கள், குணக்கேடாக நினைக்க வேண்டாம். மூன்று இடத்தில் ஒன்று பிசகியிருக்கும்.

கிளம்புவதே பாரமாக இருந்தால், பையை முந்தின இரவே கட்டிவையுங்கள். கண்ணாடி, தொப்பி, துண்டு, பாட்டில், உடை. பெண்களுக்கென நேரம் ஒதுக்கிய குளங்களில் அந்த ஒரு மணி நேரம் தவறினால் நாளே தவறிவிடும், அதனால் இது இன்னும் முக்கியம். முழு உடல் நீச்சலுடை வேண்டுவோர் லைக்ரா, பாலியஸ்டர் துணியில் உடம்போடு ஒட்டியதாக எடுங்கள். பருத்திச் சட்டை தண்ணீர் குடித்துக் கனத்துப் பின்னுக்கு இழுக்கும். அந்தச் சுமையோடு நீந்திவிட்டுத் தெம்பில்லை என்று வருந்துபவர்கள் பலர். "பத்து நிமிடம் மட்டும்" என்று இறங்குங்கள். பத்து நிமிடத்தில் உண்மையிலேயே முடியவில்லை என்றால் ஏறிவிடலாம், அதுவும் வந்த நாள்தான்.

நீந்தும்போது சலித்தால், எண்ணிக்கை தவறுவதுதான் பெரும்பாலும் காரணம். எத்தனை போனோம் என்று தெரியாத தூரம் முடிவில்லாமல் நீளும். ராமேஸ்வரத்தில் விற்கும் சோழிகளில் பத்தை வாங்கிச் சுவரோரம் வரிசையாக வையுங்கள். நூறு மீட்டர் முடிந்ததும் ஒன்றை இடமிருந்து வலம் தள்ளுங்கள். பத்தும் வலப்பக்கம் வந்தால் ஒரு கிலோமீட்டர்.

வாரங்கள் ஓடியும் எங்கும் போகாத உணர்வு இருந்தால், தூரத்தை ஊரின் மேல் விரித்துப் பாருங்கள். பாம்பனின் பழைய ரயில் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 25 மீட்டர் குளத்தில் ஏறக்குறைய 83 நீளம். தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 29 கிலோமீட்டர், 1,160 நீளம். வாரம் 3 கிலோமீட்டர் என்றால் பத்து வாரத்தில் அக்கரை. சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, ஒவ்வொரு நாள் தூரத்தையும் கோடாக இழுத்து வாருங்கள். 1966-இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தி வந்தார். 1994-இல் குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்தார். அந்தக் கடலைக் குளத்துத் தடத்திலேயே கடந்து பார்ப்பதில் குழந்தைத்தனம் எதுவும் இல்லை. பத்தாவது வாரம் கோடு கரையைத் தொடும்போது தெரியும்.

சின்னச் சின்னத் தொல்லைகள்

கண்ணாடி பனி மூடினால் உள்பக்கம் விரல் வைத்துத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். குளத்து நீரில் நனைத்து மாட்டுங்கள். இருமலும் கண் எரிச்சலும் இருந்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைப்போம். ஆனால் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் பொருள்தான் அந்த நெடி. இறங்கும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்தாலே பாதி குறையும். காதில் தண்ணீர் தங்கினால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சுக் குச்சி வேண்டாம்.

"குளத்தில் 1500 வந்துவிட்டது, கடலில் இறங்கலாமா?"

தூரம் வந்திருக்கிறது, கடலுக்கான தேர்ச்சி இன்னும் வரவில்லை. குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு சுவர் உண்டு, அங்கே ஒரு உதைப்பும் ஒரு கண இளைப்பாறலும் கிடைக்கும். கடலில் அது இல்லை, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கறுப்புக் கோடும் சொல்லாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடாவும், வாடை (வடகிழக்குக் காற்று) மாதங்களில் வடகடலான பாக் விரிகுடாவும் நீந்துவதற்கில்லை. தனுஷ்கோடி முனையில் இரு கடலும் சேரும் இடத்தில் எந்த மாதமும் இறங்காதீர்கள். முதலில் குளத்திலேயே சுவரைத் தொடாமல், அதற்கு ஒரு மீட்டர் முன்னாலேயே திரும்பி 500 மீட்டர் போய்ப் பாருங்கள். எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் மேலே வரும்படி முன்னால் பார்த்துப் பழகுங்கள். அது 1000 மீட்டருக்கு நிலைத்தபின், அந்தக் கடலை அறிந்த மீனவர் ஒருவர் வல்லத்தில் கூட வர, கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் தொப்பியும் மிதவையும் கட்டிக்கொண்டு, கரைக்கு இணையாக, முதல் நாள் 300 மீட்டர் மட்டும்.